கிராஃபிங் கால்குலேட்டர்ல கிராஃப் வரைய: விண்டோ செட் பண்ணத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது

ஜேசி (சிங்கப்பூர்ல இருக்கற ஜூனியர் காலேஜ்) சேர்ந்து எச்2 மேத்ஸ் (ஸ்கூல் முடிவுல எழுதுற ஏ லெவல் பரீட்சைக்கான ஒரு மேத்ஸ் பாடம்) எடுத்த பசங்க எல்லார் கையிலயும் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கும், சிங்கப்பூர்ல சுருக்கமா ஜிசின்னு சொல்லுவாங்க, அதை யூஸ் பண்ணத் தெரிஞ்சிருக்கணும்னு சிலபஸ்லயே போட்டிருக்கு. அமெரிக்கால ஏபி கால்குலஸ்ங்கற காலேஜ் லெவல் பரீட்சை எழுதுற ஹைஸ்கூல் பசங்களுக்கும் இதே கதைதான், பரீட்சையில சில பகுதிக்கு கிராஃபிங் கால்குலேட்டர் தேவைப்படும். ஆனா நெறைய பேர் இதுல கூட்டல் கழித்தல் மட்டும்தான் போடுறாங்க. ஒரு நாள் ஆசைப்பட்டு கிராஃப் பட்டனை அமுக்குவாங்க, ஸ்கிரீன் காலியா வரும், இல்லன்னா சம்பந்தமே இல்லாம ரெண்டு கோடு நிக்கும், "எனக்கு வந்தது டிஃபெக்ட் பீஸ் போல"ன்னு மூடி வச்சிடுவாங்க. டிஃபெக்ட் எல்லாம் ஒண்ணுமில்லை. விண்டோ, அதாவது ஸ்கிரீன் எந்த எண்ல இருந்து எந்த எண் வரைக்கும் காட்டணும்ங்கற எல்லை, சரியில்லை, அவ்ளோதான்.

அதனால இந்த பட்டனுக்கு அப்புறம் அந்த பட்டன்னு மட்டும் சொல்லாம அந்த மெஷின் உள்ள என்ன பண்ணுதுங்கறதையும் சேர்த்து எழுதுறேன், அது புரிஞ்சா பட்டன் மறந்தாலும் நீங்களே தேடிப் புடிச்சிடுவீங்க. நான் சொல்லப்போறது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியோட டிஐ-84 பிளஸ் சிஇ, அதான் 2015ல வந்த கலர் ஸ்கிரீன் மாடல். அண்ணன் அக்கா வச்சிருந்த பழைய கருப்பு வெள்ளை டிஐ-84 பிளஸ் (2004 மாடல்) வீட்ல கிடந்தா அதுவும் போதும், பட்டன் எல்லாம் கிட்டத்தட்ட அதே இடம்தான். கேசியோ வச்சிருக்கவங்களுக்கு கடைசில கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல மோட் பாருங்க

எந்த கிராஃப் போடுறதுக்கு முன்னாடியும் மோட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. அதுல ஃபங்ஷன்னு ஒண்ணு ஹைலைட் ஆகி இருக்கணும், பாராமெட்ரிக், போலார் எல்லாம் பக்கத்துலயே இருக்கும், யாராவது அதை மாத்தி விட்டிருந்தா ஈக்வேஷன் போடுற ஸ்கிரீனே வேற மாதிரி வரும், நீங்க தலைய பிச்சுக்குவீங்க. ரெண்டாவது ரேடியனா டிகிரியான்னு பாக்கணும். சைன், காஸ் கிராஃப் போடணும்னா ரேடியன்ல இருக்கணும். டிகிரில இருக்கும்போது சாதாரண விண்டோல சைன் எக்ஸ் போட்டா அச்சோட ஒட்டுன ஒரு தட்டைக் கோடுதான் வரும், ஏன்னா எக்ஸ் மைனஸ் 10ல இருந்து 10 வரைக்கும்தான் போகுது, 10 டிகிரிக்கு சைன் மதிப்பு வெறும் 0.17, அது ஸ்கிரீன்ல ஒரு புள்ளி உயரம்தான். கிராஃப் தப்பில்லை, கேட்டது தப்பு.

ஈக்வேஷன் உள்ள போடுறது

மேல் வரிசையில இடது ஓரத்துல ஒய் ஈக்வல்ஸ் பட்டன் இருக்கு, அதை அமுக்குனா ஒய்1, ஒய்2ன்னு வரிசையா வரும், மொத்தம் பத்து ஃபங்ஷன் போடலாம். நமக்கு இப்ப ஒண்ணு போதும்:

ஒய்1 = எக்ஸ்³ − 4எக்ஸ்² + எக்ஸ் + 6

எக்ஸ் போடுறதுக்கு ஆல்ஃபா பட்டன் எல்லாம் தேவையில்லை, ஆல்ஃபா பட்டனுக்குப் பக்கத்துலயே எக்ஸ், டி, தீட்டா, என்னு நாலும் எழுதின ஒரு பட்டன் இருக்கு, அதுதான். இப்ப எக்ஸ் போட்டு, மேல்கூரை குறி போட்ட பவர் பட்டனை அமுக்கி 3 போட்டதும் கொஞ்சம் நில்லுங்க. கர்சர் இன்னும் மேலயே, அந்தக் குட்டி 3 பக்கத்துலயே நிக்கும். வலது அம்புக்குறியை ஒரு தடவை அமுக்கி கீழ எறங்கிட்டுதான் மைனஸ் 4 போடணும். இதை மறந்தா மிச்ச ஈக்வேஷன் பூராவும் பவருக்குள்ள போய் உக்காந்துக்கும், எர்ரரும் வராது, தப்பான கிராஃப் அழகா வரும். எர்ரர் வந்தாக் கூட பரவால்ல, இப்படி அமைதியா ஏமாத்துறதுதான் ஆபத்து. பின்னம் போடும்போதும் இதே மாதிரிதான், கீழ்ப் பகுதி முடிஞ்சதும் வலது அம்பு போட்டு வெளிய வந்துடுங்க. பழைய மாடல்ல பின்னத்தை ஒரே வரில எழுதுறவங்க அடைப்புக்குறி விடாம போடணும், 1/எக்ஸ்+2 வேற, 1/(எக்ஸ்+2) வேற.

அடுத்தது மைனஸ். இதுல ரெண்டு மைனஸ் இருக்கு. வலது ஓரத்துல பிளஸ்சுக்கு மேல இருக்கறது கழித்தல். கீழ் வரிசையில என்டருக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள குட்டியா ஒரு மைனஸ் இருக்கே, அதுதான் நெகட்டிவ் குறி. ஈக்வேஷன் மைனஸ்ல ஆரம்பிச்சா அந்தக் குட்டி மைனஸ்தான் போடணும், கழித்தலைப் போட்டா சின்டாக்ஸ் எர்ரர்னு துப்பிடும். விண்டோல மைனஸ் 10 போடுறதுக்கும் அதே குட்டிதான். ஸ்கிரீன்ல பாத்தா நெகட்டிவ் கொஞ்சம் குட்டையா, கொஞ்சம் மேல ஏறி நிக்கும், உத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

போட்டாச்சா, இப்ப ஜூம் அமுக்கி 6 அமுக்குங்க, அது ஸ்டாண்டர்டு ஜூம், எக்ஸும் ஒய்யும் மைனஸ் 10ல இருந்து 10 வரைக்கும். கிராஃப் வந்துரும், மூணு இடத்துல எக்ஸ் அச்சை வெட்டும், மைனஸ் 1, 2, 3. இந்த ஈக்வேஷன் நல்ல புள்ளை, ஸ்டாண்டர்டு ஜூமுக்குள்ளயே அடங்கிடுச்சு. எல்லாம் அப்படி அடங்காது.

விண்டோ, இதுதான் விஷயமே

தமிழ்நாட்டுல பத்தாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு வரைபடக் கேள்வி ஞாபகம் இருக்கும், எட்டு மார்க், கிராஃப் ஷீட்ல ஓரமா "அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சு 1 செ.மீ = 1 அலகு, ஒய் அச்சு 1 செ.மீ = 5 அலகு"ன்னு எழுதுவோம். டேபிள் போட்டு மதிப்பைப் பாத்துட்டுதான் அந்த அளவுத்திட்டத்தை முடிவு பண்ணுவோம், பாக்காம எழுதினா வளைவு தாளை விட்டு வெளிய போயிடும். விண்டோங்கறது அந்த அளவுத்திட்டம்தான், வேற எதுவும் இல்லை. கால்குலேட்டர் கணக்கு போட்டுக் குடுக்கும், தாள் எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு அதுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

இதைப் போட்டுப் பாருங்க: ஒய்1 = −4.9எக்ஸ்² + 20எக்ஸ் + 1.5. ஒரு பந்தை ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல நேரா மேல வீசுனா எவ்ளோ உயரம் போகும்ங்கற கணக்கு. ஜூம் 6 போட்டா ரெண்டு கோடுதான் தெரியும், ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது, நடுவுல ஒண்ணுமில்லை. பரவளையத்தோட தலை ஸ்கிரீனுக்கு மேல எங்கயோ இருக்கு. இங்கதான் பசங்க ஜூம் அவுட், ஜூம் அவுட்னு அமுக்கிக்கிட்டே போவாங்க, கடைசில கிராஃப் ஒரு ஊசி மாதிரி ஆயிடும்.

அதுக்கு பதிலா யோசிங்க. எக்ஸ்ங்கறது நேரம், மைனஸ்ல போகாது. பந்து ஒரு நாலஞ்சு செகண்ட்ல கீழ வந்துடும். அப்ப எக்ஸ் மினிமம் 0, எக்ஸ் மேக்ஸிமம் 5. உயரம் எவ்ளோன்னு தெரியலன்னா டேபிள் பாருங்க, 2ndன்னு எழுதின செகண்ட் பட்டன் அப்புறம் கிராஃப் பட்டன், எக்ஸ் 2ல ஒய் 21.9ன்னு காட்டும், அப்ப ஒய் மேக்ஸிமம் 25 போதும். ஒய் மினிமம் மைனஸ் 5ன்னு கொஞ்சம் கீழ எறக்கி வச்சுக்கிட்டா தரையைத் தொடுற இடம் நல்லாத் தெரியும். விண்டோ பட்டனை அமுக்கி இந்த நாலு நம்பரையும் போட்டுட்டு கிராஃப் அமுக்குங்க. முழு வளைவும் வந்து நிக்கும். இங்க ஒண்ணு, விண்டோ செட் பண்ணிட்டு ஜூம் 6 அமுக்கிடாதீங்க, கஷ்டப்பட்டு போட்டதெல்லாம் மறுபடி 10க்கு போயிடும். போயிட்டா ஜூம் மெனுல வலது பக்கம் மெமரின்னு இருக்கும், அதுல ஜூம் ப்ரீவியஸ் போட்டா பழைய விண்டோ திரும்பி வரும்.

சோம்பேறி வழியும் ஒண்ணு இருக்கு, நானும் அதைத்தான் அதிகமா யூஸ் பண்றேன். எக்ஸ் எல்லையை மட்டும் கையால போட்டுட்டு ஜூம் அமுக்கி 0 அமுக்குங்க, ஜூம் ஃபிட். அந்த எக்ஸ் எல்லைக்குள்ள ஒய் எங்கேர்ந்து எங்க போகுதோ அதுக்கேத்த மாதிரி அதுவே ஒய் எல்லையைப் போட்டுக்கும். எப்பவும் அழகா வரும்னு சொல்ல முடியாது, செங்குத்தா வானத்துக்குப் போற ஃபங்ஷன் எல்லாம் கொடுத்தா ஒய் எல்லை லட்சக்கணக்குல போயிடும், ஆனா குருட்டாம்போக்குல தேடுறதுக்கு எவ்வளவோ மேல்.

எக்ஸ் ஸ்கேல், ஒய் ஸ்கேல்னு ரெண்டு இருக்கும், அது அச்சுல எத்தனைக்கு ஒரு கோடு போடணும்ங்கறது மட்டும்தான், கிராஃபை மாத்தாது. ஆனா ஒய் 30000 வரைக்கும் போகும்போது ஒய் ஸ்கேல் 1லயே இருந்துச்சுன்னா கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒய் அச்சு தடியா ஒரு பட்டையா வரும், அதைப் பாத்து ஸ்கிரீன் போச்சுன்னு பயப்படாதீங்க, 5000ன்னு மாத்திடுங்க, இல்ல 0 போட்டா கோடே வராது.

அது வரையறது வளைவு இல்லை, புள்ளி

ட்ரேஸ் பட்டனை அமுக்கி வலது இடதுன்னு நகத்துனா கர்சர் வளைவு மேலயே போகும், கீழ எக்ஸ், ஒய் மதிப்பு காட்டும். ஸ்டாண்டர்டு ஜூம்ல பாத்தா எக்ஸ் 0.1515, 0.3030ன்னு அசிங்கமா போகும், ஏன் 0.1, 0.2ன்னு போகலன்னு கேப்பாங்க. காரணம் இருக்கு. சிஇ மாடல்ல கிராஃப் பகுதி அகலம் 265 புள்ளி. மைனஸ் 10ல இருந்து 10 வரை 20 அலகு, 265 புள்ளிக்கு நடுவுல 264 இடைவெளி, 20ஐ 264ஆல வகுத்தா ஒரு புள்ளிக்கு 0.0757. ட்ரேஸ் ரெண்டு ரெண்டு புள்ளியா தாவுது, அதான் 0.1515. விண்டோ ஸ்கிரீன்லயே கீழ டெல்டா எக்ஸ், ட்ரேஸ் ஸ்டெப்னு ரெண்டையும் காட்டும், போய்ப் பாருங்க.

சுத்தமான நம்பர் வேணும்னா ஜூம் 4, ஜூம் டெசிமல். அதுல எக்ஸ் மைனஸ் 6.6ல இருந்து 6.6 வரை, 13.2ஐ 264ஆல வகுத்தா சரியா 0.05, ட்ரேஸ் 0.1 0.1ஆ போகும். குறிப்பிட்ட எக்ஸ்ல ஒய் எவ்ளோன்னு மட்டும் தெரியணும்னா ட்ரேஸ்ல இருக்கும்போதே அந்த நம்பரை டைப் பண்ணி என்டர் போடுங்க, நேரா அங்க போயிடும், ஆனா அந்த நம்பர் விண்டோக்குள்ள இருக்கணும், வெளிய இருந்தா இன்வாலிட்னு எர்ரர் வரும்.

இந்த 265 புள்ளி விஷயம் ஏன் முக்கியம்னா, கால்குலேட்டர் ஃபங்ஷனைப் பாக்கவே இல்லை. 265 எக்ஸ் மதிப்புக்கு ஒய் கண்டுபுடிச்சு பக்கத்துப் பக்கத்துப் புள்ளியை கோடு போட்டு சேத்துடுது. நடுவுல என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லன்னா இப்பவே செஞ்சு பாருங்க. ரேடியன் மோட், ஜூம் 6, ஒய்1 = சைன்(26.4 × பை × எக்ஸ்). வேகமா மேலயும் கீழயும் ஆடுற அலை வரணும் இல்லையா? வராது. எக்ஸ் அச்சு மேல படுத்த மாதிரி ஒரு நேர்கோடு வரும். ஒவ்வொரு புள்ளியிலயும் அந்த அலை சரியா ஒரு முழுச் சுத்து சுத்திட்டு 0ல வந்து நிக்குது, கால்குலேட்டர் பாத்ததெல்லாம் 0, 0, 0. இப்ப 26.4ஐ 26.5ன்னு மாத்துங்க. ஸ்கிரீன் முழுக்க நிதானமா ஒரே ஒரு அலை போகும், அழகா இருக்கும், பூராவும் பொய். உண்மையில அந்த இடத்துல 265 அலை இருக்கு. பழைய கருப்பு வெள்ளை மாடல்ல அகலம் 95 புள்ளிதான், அதுல 9.4 போட்டா இதே நேர்கோடு, 9.5 போட்டா ஒரே அலை. வகுப்புல இதை ஒரு தடவை காட்டிட்டா போதும், அதுக்கப்புறம் யாரும் ஸ்கிரீனை அப்படியே பாத்து ஆன்சர் ஷீட்ல எழுத மாட்டாங்க.

இதே காரணத்தாலதான் ஓட்டை விழுந்த கிராஃப் எல்லாம் ஒழுங்கா தெரியாது. (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) போட்டுப் பாருங்க, எக்ஸ் 2ல அதுக்கு மதிப்பே கிடையாது. ஸ்டாண்டர்டு ஜூம்ல ஓட்டையே இல்லாம நேர்கோடு போகும், ஏன்னா அந்த 265 புள்ளியில எதுவும் சரியா 2ல விழல. ஜூம் 4 போட்டா 2ல ஒரு புள்ளி விழும், அங்க ஒரு சின்ன இடைவெளி தெரியும், ட்ரேஸ்ல 2 போட்டா ஒய்க்கு எதிர்ல வெறுமையா இருக்கும்.

செங்குத்து அசிம்ப்டோட்டும் அப்படித்தான், அசிம்ப்டோட்னா வளைவு கிட்ட கிட்ட நெருங்கிக்கிட்டே போற கோடு. (எக்ஸ்² + 1)/(எக்ஸ் − 1) எடுத்துக்குங்க. எக்ஸ் 1ல ஒரு பக்கம் பாதாளத்துக்கும் இன்னொரு பக்கம் வானத்துக்கும் போகுது, பழைய மாடல்ல அந்த ரெண்டு புள்ளியையும் சேத்து செங்குத்தா ஒரு கோடு இழுத்துடும், பசங்க அதைப் பாத்து அசிம்ப்டோட் வரைஞ்சு குடுத்துருச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, அது அசிம்ப்டோட் இல்லை, தப்பா சேத்த கோடு. சிஇல செகண்ட் ஜூம் போட்டா ஃபார்மட் மெனு வரும், அதுல டிடெக்ட் அசிம்ப்டோட்ஸ்னு இருக்கும், ஆன் பண்ணி வச்சா அந்தக் கோடு போயிடும். சாய்வான அசிம்ப்டோட்டை அது சொல்லவே சொல்லாது, நீங்கதான் வகுத்துப் பாக்கணும், இங்க வகுத்தா எக்ஸ் + 1 + 2/(எக்ஸ் − 1) வரும், அப்ப ஒய்2ல எக்ஸ் + 1 போட்டு சேத்து வரைஞ்சா வளைவு அது கிட்ட போய் ஒட்டுறது கண்ணுக்குத் தெரியும். ஏ லெவல்ல ஸ்கெட்ச் பண்ணச் சொன்னா அசிம்ப்டோட் ஈக்வேஷன், அச்சை வெட்டுற இடம், திரும்புற புள்ளி எல்லாம் எழுதணும், ஸ்கிரீன்ல வர்ற படத்தை மட்டும் காப்பி அடிச்சா மார்க் போயிடும்.

வெட்டுற இடம், உச்சி, பள்ளம்

செகண்ட் பட்டன், அப்புறம் ட்ரேஸ். கால்க் மெனு வரும். வேல்யூ, ஜீரோ, மினிமம், மேக்ஸிமம், இன்டர்செக்ட், அப்புறம் டெரிவேட்டிவ், இன்டெக்ரல்னு ஏழு இருக்கும். பரீட்சைக்கு இந்த மெனுதான் சோறு போடும்.

அந்த பந்து கிராஃபுக்கு திரும்ப வாங்க. பந்து எப்ப தரையில விழும்? 2, ஜீரோ. லெஃப்ட் பவுண்டுன்னு கேக்கும், விடைக்கு இடது பக்கம் ஏதாவது ஒரு இடம், அம்புக்குறியை அமுக்கி நகத்திக்கிட்டே இருக்க வேணாம், 4ன்னு டைப் பண்ணி என்டர். ரைட் பவுண்டுன்னு கேக்கும், 5 என்டர். கெஸ்னு கேக்கும், சும்மா என்டர். எக்ஸ் 4.155 செகண்ட். உச்சி வேணும்னா 4, மேக்ஸிமம், அதே மாதிரி 1, 3ன்னு ரெண்டு பக்கம் குடுங்க, எக்ஸ் 2.04, ஒய் 21.9 மீட்டர். சில சமயம் 2.0408 வரவேண்டிய இடத்துல கடைசி டிஜிட் கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும், அது தோராயமா தேடிப் புடிக்கிற வேலை, 3.9999998ன்னு வந்தா 4ன்னு புரிஞ்சுக்குங்க. ஒய் இடத்துல ஒரு நம்பர் போட்டு ஈ மைனஸ் 12ன்னு (அந்த நம்பரை 10இன் மைனஸ் 12ம் படியால பெருக்குனதுன்னு அர்த்தம்) வந்தா அது 0. இதைப் பாத்துட்டு ஒய் 2.3ன்னு எழுதி வைக்கிறவங்க வருஷா வருஷம் இருக்காங்க.

முதல்ல போட்ட மூணாம் படி ஈக்வேஷன்லயும் இதே மாதிரி பாருங்க, உச்சி எக்ஸ் 0.131, ஒய் 6.06, பள்ளம் எக்ஸ் 2.54, ஒய் மைனஸ் 0.879. ஸ்டாண்டர்டு ஜூம்ல அந்தப் பள்ளம் 2க்கும் 3க்கும் நடுவுல லேசா தொட்டுட்டு வர்ற மாதிரி இருக்கும், அது அச்சைத் தொடுதா வெட்டுதான்னு ஒரு பார்வையில சந்தேகம் வரலாம். ஜூம் மெனுல 1, ஜூம் பாக்ஸ் எடுத்து, அந்த இடத்துல ஒரு மூலையில என்டர், எதிர் மூலைக்கு நகத்தி இன்னொரு என்டர், அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது மட்டும் முழு ஸ்கிரீனுக்கு பெருசா வரும்.

தொடுறதுன்னா ஜீரோ வேலை செய்யாது. (எக்ஸ் − 1)² மாதிரி அச்சைத் தொட்டுட்டு திரும்புற கிராஃப்ல ஜீரோ கேட்டா நோ சைன் சேஞ்ச்னு எர்ரர் வரலாம், ஏன்னா அது ஒய் மதிப்பு பிளஸ்ல இருந்து மைனஸ்க்கு மாறுற இடத்தைத்தான் தேடுது, இங்க மாறவே இல்லை. அப்ப மினிமம் போட்டு எடுங்க.

ரெண்டு கிராஃப் வெட்டுற இடம் கேட்டா இன்டர்செக்ட். பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருஷத்துக்கு 7 சதவீத கூட்டு வட்டியில எப்ப ரெண்டு மடங்காகும்? ஒய்1 = 10000 × 1.07^எக்ஸ், ஒய்2 = 20000. இதுக்கு ஜூம் 6 போட்டா ஸ்கிரீன் சுத்தமா காலி, ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும். எக்ஸ் 0ல இருந்து 15, ஒய் 0ல இருந்து 30000. செகண்ட் ட்ரேஸ், 5, ஃபர்ஸ்ட் கர்வ் என்டர், செகண்ட் கர்வ் என்டர், கெஸ் என்டர், எக்ஸ் 10.24. ரெண்டு மூணு இடத்துல வெட்டுற கிராஃபா இருந்தா அந்த கெஸ் கேக்கும்போது உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு கிட்ட கர்சரை கொண்டு போய் என்டர் போடணும், இல்லன்னா அது வேற விடையைக் குடுத்துடும். லாக் போட்டும் இதை செய்யலாம், அது தெரியும். ஆனா 2^எக்ஸ் = எக்ஸ் + 5 மாதிரி வந்தா லாக் கை குடுக்காது, கிராஃப்தான்.

விடை வந்ததும் செகண்ட் மோட் போட்டு வெளிய வந்து, எக்ஸ் பட்டன் அமுக்கி என்டர் போடுங்க, அந்த எக்ஸ் மதிப்பு முழு டிஜிட்டோட அங்க இருக்கும். அதை வச்சே அடுத்த கணக்கைப் போடுங்க, நடுவுல ரவுண்டு பண்ணிட்டு போட்டா கடைசி விடை மாறும். சிங்கப்பூர்ல முடிவு விடை பொதுவா 3 சிக்னிஃபிகன்ட் ஃபிகர், ஏபில 3 தசம இடம்.

வட்டம், துண்டு துண்டான ஃபங்ஷன்

வட்டத்தை நேரா போட முடியாது, மேல் பாதி கீழ் பாதின்னு பிரிக்கணும். ஒய்1 = √(25 − எக்ஸ்²), ஒய்2 = −ஒய்1. அந்த ஒய்1ஐ உள்ள கொண்டு வர ஆல்ஃபா அமுக்கி ட்ரேஸ் அமுக்குங்க, லிஸ்ட் வரும், ஒய்ங்கற எழுத்தையும் 1ஐயும் தனித்தனியா டைப் பண்ணா அது வேற அர்த்தம். ஜூம் 6ல முட்டை வடிவத்துல வரும், ஸ்கிரீன் அகலம் உயரத்தை விட அதிகம், அதான். ஜூம் 5, ஜூம் ஸ்கொயர் போட்டா ரவுண்டாகும். ரெண்டு ஓரத்துலயும் வட்டம் மூடாம லேசா விட்டுப்போகலாம், அதுவும் அந்த புள்ளி கதைதான்.

எக்ஸ் 1க்கு கீழ ஒரு ஃபங்ஷன், மேல ஒரு ஃபங்ஷன்னு வந்தா கண்டிஷனை பெருக்கலா போடலாம்: (எக்ஸ்²)(எக்ஸ் < 1) + (3 − எக்ஸ்)(எக்ஸ் ≥ 1). கண்டிஷன் உண்மைன்னா அதுக்கு மதிப்பு 1, பொய்னா 0, அதனால தேவையில்லாத பாதி அடிபட்டுப் போயிடும். சின்னது பெருசு குறி எல்லாம் செகண்ட் மேத் போட்டா வரும். இந்த உதாரணத்துல 1ல ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் 2, கால்குலேட்டர் ரெண்டையும் சேத்து செங்குத்தா கோடு போட வாய்ப்பு இருக்கு, நீங்க தாள்ல அதைப் போடாதீங்க, ஒரு பக்கம் திறந்த வட்டம், இன்னொரு பக்கம் மூடின வட்டம்.

எர்ரர் வந்தா

இன்வாலிட் டிமென்ஷன்னு வந்து கிராஃபே வரலன்னா பெரும்பாலும் ஸ்டாட் பிளாட் (புள்ளிவிவர டேட்டாவை வரையற வசதி) ஆன்ல இருக்கும். ஒய் ஈக்வல்ஸ் ஸ்கிரீன்ல உச்சியில பிளாட்1, பிளாட்2, பிளாட்3ன்னு இருக்கும், அதுல ஒண்ணு ஹைலைட் ஆகியிருந்தா மேல் அம்பு போட்டு அங்க போய் என்டர் அமுக்குங்க, அணைஞ்சிடும். விண்டோ ரேஞ்ச்னு வந்தா மினிமம் மேக்ஸிமத்தை விட பெருசா போட்டிருக்கீங்க, அனேகமா குட்டி மைனஸ் விட்டுப் போயிருக்கும். எர்ரரே இல்லாம ஒரு கிராஃப் மட்டும் வரலன்னா அந்த ஒய்க்குப் பக்கத்துல இருக்கற ஈக்வல் குறி ஹைலைட் ஆகி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த ஃபங்ஷன் ஆஃப்ல இருக்கு, கர்சரை ஈக்வல் மேல வச்சு என்டர். அதுவும் சரியா இருந்து ஸ்கிரீன் காலின்னா டேபிள் பாருங்க, ஒய் மதிப்பு எங்க இருக்குன்னு அது சொல்லிடும். மேல வலது மூலையில சின்னதா ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்தா இன்னும் வரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நிறுத்தணும்னா ஆன் பட்டன்.

கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 வச்சிருக்கவங்களுக்கு பேருதான் மாறும். மெயின் மெனுல கிராஃப், ஈக்வேஷன் போட்டு என்டருக்கு பதிலா எக்ஸிக்யூட் பட்டன், எஃப்6 அமுக்குனா டிரா. ஷிஃப்ட் எஃப்3 வி-விண்டோ, ஷிஃப்ட் எஃப்5 ஜி-சால்வ், அதுக்குள்ள ரூட், மேக்ஸ், மின், இன்டர்செக்ட் எல்லாம் இருக்கு. அதுல ஒரு வசதி என்னன்னா ரூட் கேட்டா இடது வலதுன்னு எல்லை கேக்காது, ஸ்கிரீன்ல இருக்கற முதல் ரூட்டைக் காட்டும், வலது அம்பு போட்டா அடுத்தது. ஸ்கிரீன்ல இருக்கறது மட்டும்தான், அங்கயும் விண்டோ சரியா இல்லன்னா ஒரு ரூட் விட்டுப்போயிடும்.

பரீட்சைக்கு முன்னாடி மெமரி ரீசெட் பண்ணச் சொல்வாங்க, டிஐல செகண்ட், பிளஸ், 7, 1, 2. அது பண்ணதும் உங்க ஈக்வேஷன், விண்டோ, மோட் எல்லாம் ஃபேக்டரில வந்த நிலைக்குப் போயிடும், ரேடியன்தான் வரும், அதனால கேள்வி டிகிரில இருந்தா மாத்திக்குங்க. பேட்டரியையும் முந்தின நாளே பாத்துடுங்க, சிஇக்கு யுஎஸ்பி சார்ஜர், பழைய மாடலுக்கு நாலு டிரிபிள் ஏ.